ரயில் வருமான்னு கேட்காதே, எந்த ஸ்டேஷனுக்கு வரும்னு கேளு!

தீபாவளி, பொங்கல், மே மாச லீவுன்னு ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் நாம கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: வண்டி டயத்துக்கு வருமா? ஸ்டேஷனை விரிவாக்கிக் கட்டுற இந்தக் காலத்துல அது போதாது தங்கச்சி. டிக்கெட்ல சென்னை எழும்பூர்னு அச்சாகியிருக்கும், வண்டி தாம்பரத்துல இருந்து கிளம்பும். ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு பெட்டியும் ஒரு குழந்தையுமா எழும்பூர் வாசல்ல இறங்கினப்புறம் அது தெரிஞ்சா என்ன பண்ணுவே? அங்கேயிருந்து தாம்பரம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஆட்டோ பிடிச்சாலும் வண்டியைப் பிடிக்க முடியாது. அதனால முதல் கேள்வியை மாத்திக்கோ. எந்த ஸ்டேஷன், எந்த வாசல், எந்த நடைமேடை? நேரத்தை அப்புறம் கேட்டுக்கலாம்.

ஏன் இப்படி மாத்துறாங்கன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா, அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே உனக்கு ஒரு யூகம் வந்துடும். எழும்பூர் ஸ்டேஷன் 1908-ல திறந்தது. 2022 மே மாசம் பிரதமர் அடிக்கல் நாட்டின அஞ்சு ஸ்டேஷன்ல அதுவும் ஒண்ணு. மத்த நாலும் மதுரை, ராமேஸ்வரம், காட்பாடி, கன்னியாகுமரி. எழும்பூருக்கு மட்டும் மதிப்பீடு 734.91 கோடி ரூபாய். பழைய சிவப்புக் கட்டடத்தை அப்படியே வச்சுக்கிட்டு, காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதுசா கட்டுறாங்க. இத்தனையும் ரயில் ஓடிக்கிட்டு இருக்கும்போதே நடக்குது, குடியிருந்துக்கிட்டே வீட்டை இடிச்சுக் கட்டுற மாதிரி. நடைமேடைக்கு மேல கர்டர் தூக்கணும்னா கீழே வண்டி நிக்கக் கூடாது. மேலே போற 25,000 வோல்ட் மின்கம்பியில கரண்டை நிறுத்தணும். ரயில் வந்துட்டு உடனே போற சின்ன ஸ்டேஷன்னா சமாளிச்சுடலாம். எழும்பூர்ல வண்டிங்க கிளம்பவும் செய்யுது, முடியவும் செய்யுது. ஒவ்வொண்ணும் நடைமேடையை ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்கும். ரெண்டு நடைமேடையை மூடினா அத்தனை வண்டிக்கும் இடம் இருக்காது. சிலதை வெளியே தள்ளித்தான் ஆகணும். 2025-ல தெற்கே போற சில எக்ஸ்பிரஸ் வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாத்தினது இந்தக் கணக்குலதான்.

இன்னொரு வகை வேலை இருக்கு. ‘யார்டு மறுசீரமைப்பு’, ‘நான் இன்டர்லாக்கிங்’, ரயில்வேக்காரங்க வாயில ‘என்.ஐ. ஒர்க்’. ஸ்டேஷனுக்கு வெளியே தண்டவாளங்க ஒண்ணோட ஒண்ணு பிரிஞ்சு சேருற இடத்துல, ஒரு பாதைக்குப் பச்சை கொடுத்தா அதுக்குக் குறுக்கே வர்ற பாதைக்குப் பச்சையே விழாதபடி சிக்னலையும் பாயிண்ட்டையும் பூட்டி வச்சிருப்பாங்க. அதுதான் இன்டர்லாக்கிங். புதுப் பாதை சேர்க்கும்போது அந்தப் பூட்டை அவிழ்த்துட்டு மறுபடி பூட்டணும். அந்த நாள்கள்ல ஆளுங்க நேர்ல நின்னு பாயிண்ட்டைக் கையால திருப்பி, கிளாம்ப் போட்டு, வண்டியை மெதுவா அனுப்புவாங்க. வழக்கமா ஓடுற அளவு ரயிலை அப்படி அனுப்ப முடியாது, பாதுகாப்பாவும் இருக்காது. அதனாலதான் கொத்துக் கொத்தா ரத்து பண்றாங்க. கோபம் வரும்போது இதை நினைச்சுக்கோ. அவங்க ரத்து பண்றது நம்ம உயிருக்காகவும்தான்.

ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்கு ஏன் தெரியணும்னா, கட்டட வேலை மாசக்கணக்குல இழுக்கும், தொந்தரவு தினமும் கொஞ்சம் கொஞ்சமா இருக்கும். யார்டு வேலை சில நாள் இல்லேன்னா சில வாரம்தான், ஆனா அந்த நாள்கள்ல எல்லாமே தலைகீழாகும். அறிவிப்புல ‘என்.ஐ.’னு பார்த்தா, முடிஞ்ச அளவு அந்தத் தேதியில பயணமே வேண்டாம். கல்யாணம், ஆஸ்பத்திரி, பரீட்சைன்னு தள்ளிப்போட முடியாததா இருந்தா ஒரு நாள் முன்னாடியே போய்ச் சேர்ந்துடு.

அறிவிப்பை வாசிக்கத் தெரியணும்

அறிவிப்புல நாலு சொல் திரும்பத் திரும்ப வரும்: முழு ரத்து, பகுதி ரத்து, மாற்றுப்பாதை, நேர மாற்றம். முழு ரத்து எல்லாருக்கும் புரியும். நேர மாற்றத்துலயும் குழப்பம் இல்லை. ஏமாத்துறது பகுதி ரத்துதான். ‘எழும்பூர் - தாம்பரம் இடையே பகுதி ரத்து’ன்னு ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துட்டுப் பாதி பேர் வண்டியே இல்லைன்னு டிக்கெட்டை ரத்து பண்ணிடறாங்க. மீதிப் பேர் பகுதிதானேன்னு எழும்பூருக்கே போயிடறாங்க. அந்த வரிக்கு அர்த்தம் இதுதான்: வண்டி ஓடும், ஆனா எழும்பூரைத் தொடாது. ஏறுறதும் இறங்குறதும் தாம்பரத்துல. மாற்றுப்பாதைன்னு போட்டிருந்தா இன்னும் கவனமா பாரு. புறப்படுற இடமும் சேருற இடமும் அப்படியே இருக்கும், நடுவுல நம்ம ஊர் விட்டுப்போயிருக்கும். எந்த ஊர் வழியா போகுது, எந்த ஊர்ல நிக்காதுன்னு தனியா ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் பிடிச்சு வாசி.

அடுத்தது வண்டி நம்பர். பேரை நம்பாதே, நம்பரைப் பாரு. தஞ்சாவூருக்கு உழவன்ல டிக்கெட் போட்டிருக்கேன்னு வை. போற வண்டி 16865, வர்ற வண்டி 16866. ரெண்டும் ஒரே பேர்லதான் இருக்கும். ஆனா அறிவிப்பு ஒரு பக்கத்து வண்டிக்கு மட்டும் வரலாம். இல்லேன்னா ரெண்டுக்கும் வேற வேற தேதியில இருக்கும். போறதை மட்டும் பார்த்துட்டு வர்றதை விட்டுட்டா, ஞாயித்துக்கிழமை விடியக்காலை நாலு மணிக்குத் தாம்பரத்துல இறங்கி முழிக்கணும்.

தேதியிலயும் ஒரு சிக்கல் இருக்கு. இது நிறைய பேருக்குத் தெரியாது. அறிவிப்புல வர்ற தேதி, வண்டி முதல் ஸ்டேஷன்ல இருந்து கிளம்புற தேதி. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸை எடுத்துக்கோ. அது 9-ஆம் தேதி சாயங்காலம் கன்னியாகுமரியில கிளம்பினா சென்னைக்கு வர்றது 10-ஆம் தேதி காலையில. நடுராத்திரி தாண்டி திருச்சியில ஏறுறவங்க டிக்கெட்ல 10-னு இருக்கும். அறிவிப்புல 9-னு இருக்கும். ‘நம்ம தேதி இதுல இல்லையே’ன்னு நிம்மதியா இருந்துடுவாங்க. ராத்திரி வண்டின்னா அறிவிப்புல உன் டிக்கெட் தேதியையும் பாரு, அதுக்கு முந்தின தேதியையும் பாரு.

வாட்ஸ்ஆப்ல வர்ற ஃபார்வர்டை வச்சு முடிவெடுக்காதே. போன வருஷத்து அறிவிப்பு இந்த வருஷமும் சுத்தும். தேதியில மாசம் இருக்கும், வருஷம் இருக்காது. ரயில்வேயோட என்.டி.இ.எஸ். ஆப்ல ரத்தான வண்டி, பாதை மாறின வண்டி, நேரம் மாறின வண்டின்னு தனித்தனியா பட்டியல் இருக்கு. ஆப் வேண்டாம்னா 139-க்கு போன் போடு. தெற்கு ரயில்வேயும் அந்தந்தக் கோட்டமும் சமூக ஊடகப் பக்கத்துல அறிவிப்பைத் தமிழ்லயும் போடறாங்க. டிக்கெட் போட்டதும் ஒரு தடவை, கிளம்புறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு தடவை, வீட்டுப் பூட்டைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடு. இப்போ 60 நாளுக்கு முன்னாடிதான் முன்பதிவு திறக்குது. பல வேலைகளுக்கு அறிவிப்பு அதுக்கப்புறம்தான், சில நேரம் பயணத்துக்குச் சில நாள் இருக்கும்போதுதான் வரும். டிக்கெட் போட்ட அன்னிக்குப் பார்த்தது ரெண்டு மாசம் கழிச்சு உதவாது.

இதைவிட முக்கியம் மொபைல் நம்பர். மாற்றம் இருந்தா ரயில்வே எஸ்.எம்.எஸ். அனுப்பும். அது டிக்கெட் போடும்போது கொடுத்த நம்பருக்குத்தான் போகும். அம்மா அப்பாவுக்கு நீ டிக்கெட் போட்டா மெசேஜ் உனக்குத்தான் வரும். நீ ஆபீஸ் மீட்டிங்ல இருப்பே, அவங்க எழும்பூர்ல நிப்பாங்க. ஏஜென்ட் போட்டா பல நேரம் ஏஜென்ட் நம்பர்தான் பதிவாகும். யார் பயணம் பண்றாங்களோ அவங்க நம்பரைக் கொடு. அவங்களுக்கு மெசேஜ் வாசிக்க வராதுன்னா உன் நம்பரையே கொடுத்துட்டு, பயண நாளன்னிக்கு போனைக் கையிலயே வச்சுக்கோ.

தாம்பரம் போய்ச் சேர

நம்ம வீடு கிண்டிக்குத் தெற்கே இருந்தா, எழும்பூர் வேலை நடக்கிற வரைக்கும் தாம்பரத்துல நிக்கிற வண்டியாப் பார்த்து ஏறும் இடத்தைத் தாம்பரம்னே போட்டு வச்சுடு. எழும்பூருக்குப் போய்ட்டுத் திரும்பி வர்ற அலைச்சலும் இல்லை, மாத்தினாலும் நமக்குப் பாதிப்பில்லை. ஏற்கெனவே எழும்பூர்னு போட்டாச்சுன்னா, விதி சொல்ற நேரத்துக்குள்ள ஐ.ஆர்.சி.டி.சி.யில ஏறும் இடத்தை மாத்திக்கலாம். மாத்தினப்புறம் பழைய இடத்துல ஏறுற உரிமை போயிடும். அதனால யோசிச்சுப் பண்ணு.

வட சென்னை, அண்ணா நகர் பக்கம் இருக்கிறவங்களுக்குத்தான் இது பெரிய வேலை. பெட்டி ஒண்ணு ரெண்டுன்னா லோக்கல் ரயில்தான் சிறந்தது. கடற்கரை, பூங்கா, எழும்பூர், மாம்பலம், கிண்டின்னு எங்கே ஏறினாலும் நேரா தாம்பரம். ஆனா சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் பெட்டியோட ஏறவே முடியாது. அந்த நேரத்துல ஆபீஸ் விட்டு வர்ற கூட்டம் முழுக்க அதுலதான். ராத்திரி வண்டிக்கு அஞ்சு மணிக்கே போய் உட்கார்ந்துடு, இல்லேன்னா எட்டரைக்கு மேல ஏறு. மெட்ரோ இன்னொரு வழி. விமான நிலையம் வரைக்கும் மெட்ரோல போய், சுரங்கப் பாதையில ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தா எதிர்ல திரிசூலம் ஸ்டேஷன். அங்கேயிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் தாண்டினா தாம்பரம். மெட்ரோல லிஃப்ட், எஸ்கலேட்டர் இருக்கு, கூட்டம் குறைவு, ஏ.சி. வயசானவங்களோட போறப்ப காசு கொஞ்சம் கூடினாலும் இதையே எடு. ஆனா மெட்ரோ ராத்திரி 11 மணி வாக்குல நின்னுடும், காலையில அஞ்சுக்குத்தான் ஆரம்பிக்கும்.

விடியக்காலை மூணு மணிக்கு வண்டி தாம்பரத்துலயே முடிஞ்சுட்டா இருட்டுல ஆட்டோக்காரங்ககிட்ட பேரம் பேசிக்கிட்டு நிக்காதே. நாலு மணி வாக்குல லோக்கல் ஓட ஆரம்பிச்சுடும். அதுவரைக்கும் வெளிச்சம் இருக்கிற, நாலு குடும்பம் உட்கார்ந்திருக்கிற இடமாப் பார்த்து ஸ்டேஷனுக்குள்ளேயே இரு. எக்ஸ்பிரஸ் டிக்கெட்ல எழும்பூர் வரைக்கும்னு போட்டிருக்கே, அதையே லோக்கலுக்கும் காட்டலாமான்னு சிலர் கேட்பாங்க. அந்த வண்டிக்கு அப்படி அனுமதின்னு அறிவிப்புல எழுதியிருந்தா மட்டும் காட்டு. இல்லேன்னா லோக்கல் டிக்கெட் எடுத்துடு. அந்தச் சின்னக் காசை மிச்சம் பிடிக்கப் போய் அபராதம் கட்ட வேண்டாம். மொபைல்ல எடுக்கிறதா இருந்தா நடைமேடைக்குள்ள போறதுக்கு முன்னாடியே எடுத்துடு. அதுக்கு 2025-ல வந்த ரயில்ஒன் ஆப் இருக்கு.

ரயிலே இல்லைன்னு ஆயிட்டா கிளாம்பாக்கம் பஸ் நிலையம் ஞாபகத்துல இருக்கட்டும். 2023 டிசம்பர்ல திறந்ததுல இருந்து தெற்கே போற அரசு விரைவுப் பேருந்துங்க அங்கேயிருந்துதான் கிளம்புது. தாம்பரத்துல இருந்து ஜி.எஸ்.டி. சாலையிலேயே கொஞ்ச தூரம், மாநகரப் பேருந்து நிறைய. பண்டிகை நாளா இருந்தா மட்டும் முன்பதிவு இல்லாமப் போகாதே.

சொன்ன தேதியை நம்பி வாழ்க்கையை அமைச்சுக்காதே

வேலை முடியுற தேதின்னு ஒண்ணு சொல்லுவாங்க. மனசார சொல்றேன், அதை ஒரு உத்தேசமா மட்டும் வச்சுக்கோ. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவுல நாலாவது பாதை போடுறதுக்காக 2023 ஆகஸ்ட் 27-ல பறக்கும் ரயிலைக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவுல நிறுத்தினாங்க. ஏழு மாசம்னு சொன்னது, மறுபடி ஓடினது 2024 அக்டோபர் 29-ல. பதினாலு மாசம். வேளச்சேரி, திருவான்மியூர்ல இருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போன பொண்ணுங்க அத்தனை நாளும் சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி பஸ் மாறினாங்க. வீட்டு வாடகையும் பிள்ளைங்க ஸ்கூலும் அந்த ரயிலை வச்சுத்தானே முடிவு பண்ணியிருப்பாங்க! புதுசா வீடு பார்க்கிறே, வேலை மாறுறேன்னா அந்த வழியில என்ன வேலை நடக்குதுன்னு விசாரிச்சுட்டு முடிவெடு. சீசன் டிக்கெட்டும் அப்படித்தான். வேலை அறிவிச்ச பாதையில மூணு மாசச் சீசன் எடுக்காதே, மாசா மாசம் எடு. பயன்படுத்தாத நாளுக்குச் சீசன்ல பணம் திரும்பாது.

2024 ஜூலை கடைசியில இருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டி தாம்பரத்துல யார்டு வேலை நடந்தது ஞாபகம் இருக்கா? பகல்லயும் ராத்திரியிலயும் குறிப்பிட்ட நேரத்துல லோக்கல் ரயில்களை ரத்து பண்ணிட்டு, கடற்கரை - பல்லாவரம், கூடுவாஞ்சேரி - செங்கல்பட்டுன்னு ரெண்டு துண்டா ஓட்டினாங்க. நடுவுல இருக்கிற குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கத்துக்காரங்களுக்குப் பஸ்தான். கூடுதல் பஸ் விட்டாங்க, ஆனா ஒரு லோக்கல் ரயில் கூட்டத்தை எத்தனை பஸ்ல ஏத்த முடியும்? இந்த மாதிரி ஒரு வாரம் வந்தா வழக்கமான நேரத்துக்குக் கிளம்பி முட்டி மோதாதே. ரத்து எந்த மணியில இருந்து எந்த மணி வரைக்கும்னு அறிவிப்புல இருக்கும். அந்த இடைவெளிக்கு முன்னாடி போற கடைசி வண்டியைக் குறி வை. ஆபீஸ்ல அறிவிப்பைக் காட்டி நேரத்தை மாத்திக் கேளு. அறிவிப்பு கையில இருக்கும்போது கேட்கிறதுல கூச்சமே வேண்டாம். பிள்ளைங்க காலேஜ் அந்தப் பக்கம்னா பரீட்சை அட்டவணையை ரத்து நேரத்தோட வச்சுப் பார்த்துடு.

ராமேஸ்வரம் போனவங்களுக்கு இது இன்னும் நீளமான பாடம். பழைய பாம்பன் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்தினாங்க, புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6-ல. அத்தனை நாளும் வண்டி மண்டபத்துலயோ ராமநாதபுரத்துலயோ நின்னது, மிச்சம் சாலைப் பாலம் வழியா பஸ். திதி கொடுக்கப் போன பெரியவங்க ஈரத் துணி மூட்டையோட பஸ் ஏறி இறங்கினாங்க. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறப்ப வண்டி எந்த ஊர்ல முடியும், அங்கேயிருந்து என்ன ஏற்பாடுன்னு கேட்காம அவங்களை ரயில் ஏத்தாதே.

மூட்டையைக் குறை

தடுப்பு வச்சு மறைச்ச ஸ்டேஷன்ல வண்டி நிறுத்துற இடம் தள்ளிப் போயிருக்கும். நேத்து இருந்த வழி இன்னிக்கு மூடியிருக்கும். லிஃப்ட் வேலை செய்யாம இருக்கலாம், எஸ்கலேட்டர் பக்கம் போகவே முடியாம இருக்கலாம். அதனால ஒரு பெரிய சக்கரப் பெட்டியைவிட ரெண்டு சின்னப் பை மேல். உடைஞ்ச தரையில சக்கரம் உருளாது. ஊர்ல இருந்து வரும்போது அம்மா கொடுத்தனுப்புற அரிசி, தேங்காய், மாவடு ஜாடியெல்லாம் இந்த ஒரு வருஷம் பார்சல்ல வரட்டும். அவங்க மனசு கஷ்டப்படும்தான், ஆனா படியில ஜாடியோட வழுக்கினா அதைவிடக் கஷ்டம்.

மூட்டுவலிக்காரங்க கூட வந்தா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாடி போ. சக்கர நாற்காலி வேணும்னா ஸ்டேஷனுக்குள்ள போனதுமே ஸ்டேஷன் மாஸ்டர் அலுவலகத்துல கேளு, வண்டி வர்ற நேரத்துல கேட்டா கிடைக்காது. போர்ட்டர்கிட்ட நடைமேடை எண்ணைச் சொல்லி, எந்த வழியா கூட்டிட்டுப் போவீங்கன்னு முன்னாடியே கேட்டுடு. எந்தப் படி திறந்திருக்கு, எந்த மேம்பாலம் மூடியிருக்குன்னு அந்த ஸ்டேஷன்ல அவங்களுக்குத் தெரியுற அளவு வேற யாருக்கும் தெரியாது. காத்திருப்பு அறையும் கழிப்பறையும் மூடியிருக்கிற நாள்கள் உண்டு. குழந்தைக்குப் பால் கொடுக்கிறது, பெரியவங்க கழிப்பறை போறது ரெண்டையும் வீட்டுலயோ மெட்ரோ ஸ்டேஷன்லயோ முடிச்சுட்டு வா. சிமென்ட் தூசு பறக்கும். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு மாஸ்க், இன்ஹேலர் கைப்பையில மேலாகவே இருக்கணும்.

ஒண்ணு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். மேம்பாலம் மூடியிருக்குன்னு தண்டவாளத்துல இறங்கிக் கடக்காதே, பிள்ளைங்களையும் விடாதே. மின்சார ரயில் சத்தமே இல்லாம வரும். வேலை நடக்கிற இடத்துல வழக்கமா வராத பாதையிலயும் வண்டி வரும். ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறைன்னு சட்டம் இருக்கு, அதுகூட ரெண்டாம்பட்சம். வண்டி போனா போகட்டும் தங்கச்சி.

உன் பணம் உனக்கு

வண்டியை முழுசா ரத்து பண்ணிட்டாங்கன்னா, ஆன்லைன் டிக்கெட்டுக்கு நீ எதுவும் செய்ய வேண்டாம். கட்டணம் தானா திரும்பி வரும். அவசரப்பட்டு நீயா டிக்கெட்டை ரத்து பண்ணாதே. ரயில்வே ரத்து கணினியில ஏறுறதுக்கு முன்னாடி நீ பண்ணிட்டா, சாதாரண ரத்துன்னு நினைச்சுப் பிடித்தம் போயிடும். என்.டி.இ.எஸ்.ல ரத்துன்னு வந்தப்புறம் பொறுமையா இரு. ஐ.ஆர்.சி.டி.சி. எடுத்துக்கிற சேவைக் கட்டணம் மட்டும் திரும்பாது. பணம் எந்தக் கணக்குல இருந்து போனதோ அதுக்கே திரும்பும். ஏஜென்ட்கிட்ட போட்டிருந்தா அவர்கிட்டதான் கேட்டு வாங்கணும், விடாம கேளு. கவுன்டர்ல வாங்கின டிக்கெட்னா, வண்டி கிளம்ப வேண்டிய நேரத்துல இருந்து மூணு நாளைக்குள்ள முன்பதிவு கவுன்டர்ல கொடுத்து முழுப் பணம் வாங்கணும். அப்பா மாதிரி பெரியவங்க டிக்கெட்டைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு ‘அப்புறம் பார்த்துக்கலாம்’னு இருந்துடுவாங்க. நீ எடுத்துட்டுப் போ.

வண்டி மூணு மணி நேரத்துக்கு மேல தாமதம், நீ போகலைன்னா அதுக்கும் முழுப் பணம் உண்டு. ஆனா வண்டி உன் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி டி.டி.ஆர்., அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கிற விண்ணப்பம், பதிவு பண்ணணும். நிறைய பேர் வீட்டுக்குத் திரும்பிப் போய், சாப்பிட்டுட்டு நிதானமா பதிவு பண்ணி இழக்கிறாங்க. மாற்றுப்பாதையில போனதால உன் ஊரைத் தொடலை, நீயும் போகலைன்னா அதுக்கும் டி.டி.ஆர். உண்டு, அதுக்கு 72 மணி நேரம் அவகாசம். நடுவழியில நிறுத்தி, மிச்சத்துக்கு ரயில்வே வேற ஏற்பாடும் பண்ணலைன்னா, போகாத தூரத்துக்கான கட்டணத்தைக் கேளு. டி.டி.ஆர்.ல காரணம்னு ஒரு பட்டியல் வரும். அவசரத்துல முதல்ல இருக்கிறதை அழுத்தாம, உன் நிலைமைக்குப் பொருந்துற வரியைத் தேடி அழுத்து. தப்பான காரணம் போட்டா நியாயமான கோரிக்கையும் தள்ளுபடி ஆகும். அறிவிப்பை அன்னிக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பி.என்.ஆர். நம்பரோட வச்சுக்கோ.

லிஃப்ட் ஓடலை, விளக்கு எரியலை, வழிகாட்டிப் பலகை தப்பான பக்கம் காட்டுதுன்னா பொருமிக்கிட்டே போயிடாதே. ரயில் மதத் ஆப்ல போட்டோவோட பதிவு பண்ணு, இல்லேன்னா 139-ல சொல்லு. பாதுகாப்புப் பிரச்சினைக்கும் அதே நம்பர்தான். புகார் எழுதும்போது நடைமேடை எண், நேரம், எந்தப் பக்கத்துப் படின்னு குறிப்பா எழுது. ‘ஒண்ணுமே சரியில்லை’ன்னு எழுதினா யார் வந்து எதைச் சரிபண்ணுவாங்க? அங்கே தலையில கல்லு சுமக்கிற வெளிமாநிலத்துப் பிள்ளைங்ககிட்டயோ டிக்கெட் பரிசோதகர்கிட்டயோ கத்தாதே. வண்டியை மாத்தின முடிவு அவங்க எடுத்தது இல்லை.

கடைசியா, அழைக்கப் போறவங்களுக்கு. அம்மா அப்பா தாம்பரத்துல இறங்குறாங்கன்னா ‘வெளியே வந்து நில்லுங்க’ன்னு மட்டும் சொல்லாதே. ஸ்டேஷனுக்கு மேற்குப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, கிழக்குப் பக்கம் வேளச்சேரி போற வழி. ஒரு பக்கத்துல அவங்க நிக்க, மறு பக்கத்துல நீ வண்டியோட நின்னா, நடுவுல இருக்கிற மேம்பாலத்தைப் பெட்டியோட ஏறி இறங்கணும். எழும்பூர்னாலும் அப்படித்தான், காந்தி இர்வின் சாலையா, பூந்தமல்லி நெடுஞ்சாலையான்னு முதல்லயே பேசிக்கோ. ரயில் ஏறுறதுக்கு முன்னாடியே அப்பாவோட டிக்கெட் பின்னாடி பெரிய எழுத்துல எழுதிக் கொடுத்துடு: எந்த ஸ்டேஷன், எந்தப் பக்கம், யார் வர்றாங்க, அவங்க போன் நம்பர். போன்ல சார்ஜ் இல்லாமப் போனாலும் அந்தத் தாளைக் காட்டி யார்கிட்டயாவது கேட்டு வந்துடுவாங்க.